மூக்கு ஆதாரம் ஆகாது

சசிகுமார் என் வலது கன்னத்தை வழித்து முடித்து இடது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தபோது செல்போன் ஒருதரம் முனகியது. யாரும் கூப்பிடவில்லை, ஏதோ தகவல். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில், சட்டை ஆணியில். போனை அவனிடமே நீட்டி என்னவென்று பார்க்கச் சொன்னேன். அதுதான் தப்பு. சசிகுமாருக்கு மனசுக்குள் படிக்கிற பழக்கம் கிடையாது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தான்.

“வணக்கம் குஞ்சிதபாதம். உங்கள் அண்மைக் கருத்துகள் நாகரிக நெறிகளை மீறியதாக முறையிடப்பட்டுள்ளது. உங்களை மூன்று மாதம் தடை செய்வது பற்றிப் பங்களிப்பாளர்கள் கலந்துரையாடி வருகிறார்கள். ஞாயிறு மாலைக்குள் உங்கள் பதிலை அங்கே எழுதவும். அன்புடன், தமயந்தி.”

பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேரும் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“யாரு பெரியப்பா தமயந்தி?” என்றான் சசிகுமார்.

“மொதல்ல வழிடா.”

“தட பண்ணுவாங்களாமே. எத? ரேசன் கார்டயா?”

“கலைக்களஞ்சியம்.”

“அது எந்த ஆபீசு?”

“ஆபீசு இல்லடா. போன்ல இருக்குது. ஒலகத்துல இருக்கிற எல்லாத்தப் பத்தியும் எழுதி வச்சிருக்கிற எடம். யாரு வேணா போயி எழுதலாம், திருத்தலாம். சம்பளம் கெடயாது.”

“சம்பளமும் கெடயாது, அதுல சஸ்பென்ஷன் வேறயா?” பெஞ்சில் இருந்தவன் சிரித்தான். “நம்ம காண்ட்ராக்ட் வேலயே பரவால்ல போலருக்கே.”

பாதி முகம் நுரையோடு கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுபத்திரண்டு வயதில் ஒருவன்மேல் விசாரணை. பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த இடத்துக்குள் நான் போனதே சந்தேகத்தோடுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் புதுப் போன் வாங்கியதும் பழையதை எனக்குத் தந்தாள். ஒருநாள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடினேன். ஒரு பக்கம் வந்தது. அதன் தலையில் ‘தொகு’ என்று ஒரு வார்த்தை. அழுத்திப் பார்த்தேன். எழுதித் திருத்துகிற மாதிரித் திறந்துகொண்டது. இப்போது ஆதார் நம்பர் கேட்பான், இப்போது ஓடிபி கேட்பான் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் காண்ட்ராக்ட்டில் நெய்வேலி மைன்ஸ் வேலை பார்த்தவன் நான். தினமும் கேட்டில் நின்று, பாஸில் ஒட்டியிருக்கிற மூஞ்சியும் கழுத்துக்கு மேலே இருக்கிற மூஞ்சியும் ஒன்றுதான் என்று இன்னொருவன் ஒத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே போக முடியும். கேட் பாஸ் இல்லாமல் என்னை உள்ளே விட்ட முதல் இடம் இதுதான். அதனாலேயே ஒரு வாரம் நம்பவில்லை. சும்மா உள்ளே விடுகிறவன் வெளியே போகும்போது எதையாவது பிடுங்குவான்.

எங்கள் ஊரிலிருந்து கடலூருக்கு பஸ் எந்த வழியாகப் போகும் என்பதை யாரோ தப்பாக எழுதியிருந்தார்கள். வடலூர், குறிஞ்சிப்பாடி வழி என்று மாற்றினேன். அடுத்த நாள் காலையில் பயந்துகொண்டே பார்த்தேன். நான் மாற்றியது அப்படியே நின்றது. யாரும் அதட்டவில்லை.

அதற்குப் பிறகு விடவில்லை. நான் அஞ்சாவதோடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது போய்விடும். ஆனால் போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் அதுவே எழுதுகிறது. நான் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்த முதல் ஆள் அந்தப் போன்தான் என்பாள் என் வீட்டுக்காரி சாமியம்மாள். என் வாய்ப்பேச்சு அப்படியே போய் உட்கார்ந்திருக்கும். யாரோ முகம் தெரியாதவர்கள் வந்து அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றிவைத்துவிட்டுப் போவார்கள். திட்டாமல் திருத்துகிற மனிதர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

வம்பு வந்தது ஒரே ஒரு வரியால்.

வெட்டியெடுத்த கரியை மலை மாதிரிக் குவித்துவைக்கும் ஸ்டாக் யார்டில்தான் என் பாதி ஆயுள் போனது. பழுப்புக் கரிக்கு, அதாவது லிக்னைட்டுக்கு, ஒரு குணம் உண்டு. கும்பலாகக் கிடந்தால் வயிற்றுக்குள் தானே சூடேறும். யாரும் கொளுத்த வேண்டாம். குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பதும், எந்த இடம் சூடேறுகிறது என்று கண்டுபிடிப்பதும் எங்கள் வேலை. புகையைப் பார்த்துவிட்டு ஓடுகிறவன் புது ஆள். பழகினவனுக்குப் புகைக்கு முன்னாலேயே வாடை வந்துவிடும். மண்ணெண்ணெய் சிந்திய சாக்கை வெயிலில் காயப்போட்ட மாதிரி இருக்கும். காற்றுக்கு எதிரே நடந்துபோய், இங்கேதான் என்று காலால் ஒரு கோடு கிழிப்பேன். தோண்டினால் கை வைக்க முடியாத சூடு. என் மூக்கு தப்பியது மொத்தத்தில் நாலைந்து தடவை இருக்கலாம், அதுவும் ஜலதோஷத்தில்.

களஞ்சியத்தில் பழுப்புக் கரியைப் பற்றிப் பெரிய பக்கம் இருந்தது. அதில் எத்தனை பங்கு ஈரம், எத்தனை பங்கு சாம்பல், எந்தெந்த நாட்டில் கிடைக்கிறது, எல்லாம் உண்டு. வாடை இல்லை. நான் ஒரு வரி சேர்த்தேன்: கரிக் குவியல் தீப்பிடிக்கும் முன், புகை கிளம்புவதற்கும் முன், வாடை வரும்.

மறுநாள் அந்த வரி இல்லை. மருதம் என்ற பெயரில் எழுதுகிற ஒருத்தர் நீக்கியிருந்தார். காரணம், ஆதாரம் இல்லை. மறுபடி போட்டேன். மறுபடி நீக்கினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு, அங்கே போய்ச் சண்டை போடலாம். போனேன். நான்தான் ஆதாரம், பத்தொன்பது வருசம் மோந்து பார்த்திருக்கேன் என்று சொன்னேன். பதில் வந்தது:

“ஐயா, தங்கள் மூக்கு ஆதாரம் ஆகாது. அச்சில் வெளிவந்த நூலோ இதழோ தேவை. எவரும் தாம் நேரில் அறிந்ததை இங்கே எழுத இயலாது. பிறர் எழுதி வெளிவந்ததையே தொகுக்க இயலும்.”

மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண்ணால் பார்த்தது செல்லாது, காகிதத்தில் இருந்தால் செல்லும். இது எனக்குப் புதிய சட்டமா? எங்கள் பரம்பரையில் யார் பெயரிலும் பட்டா என்று ஒரு தாள் இருந்ததில்லை. என் அப்பன் உழுத நிலம் எது என்று அந்த நிலத்துக்கே தெரியும், தாளுக்குத் தெரியாது. தாள் வைத்திருந்தவன் ஒரு வரிசை, தாள் இல்லாதவன் ஒரு வரிசை என்று நின்றுதான் நான் வளர்ந்தேன். இங்கேயும் வந்து அதே வரிசையா?

சரி, அச்சில் வர வேண்டும், அவ்வளவுதானே.

மந்தாரக்குப்பத்தில் அச்சில் வராத சங்கதி எது? பிறந்தநாள், காதுகுத்து, பெண்ணுக்குச் சடங்கு, சாவு, சங்கத்தில் ஒருத்தன் துணைத் தலைவர் ஆனது, எல்லாவற்றுக்கும் சுவரில் போஸ்டர். பிரிண்டிங் பிரஸ் கருணாகரனிடம் போனேன். இருபத்தைந்து காப்பி என்றேன்.

“கண்ணீர் அஞ்சலியாண்ணே?”

“யாரும் சாவல.”

“அப்ப வாழ்த்தா?”

“ரெண்டும் இல்ல. ஒரே ஒரு வரி. நான் சொல்றத அப்படியே போடு.”

“போட்டோ இல்லாம போஸ்டரா? சொவத்துல எவன் பாப்பான்?” என்று அவனே என்னைப் படம் பிடித்து, கைகூப்பின மாதிரி வைத்து, பின்னால் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சமும் விட்டான். மேலே வரி. கீழே ‘இப்படிக்கு, குஞ்சிதபாதம்’.

அது தொழிற்சங்கத் தேர்தல் சமயம். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டின ரெண்டு மணி நேரத்தில் விஜயராஜ் பைக்கை நிறுத்தினான். அவன் ஒரு அணிக்குப் பிரச்சாரம் பார்க்கிறவன்.

“யாரச் சொல்ற மாமா? எங்க ஆளயா, அவங்க ஆளயா? பொகைக்கு முன்னாடி வாடைன்னா என்னா அர்த்தம்?”

“கரியச் சொல்றேன்டா.”

“அதான் யாரு அந்தக் கரி?”

விளக்க விளக்க அவனுக்குச் சந்தேகம் கூடியது. சாயந்தரத்துக்குள் எதிரணியிலிருந்தும் ஒருவன் வந்து, எத்தனை ஓட்டு கையில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனான். நான் எதையும் கண்டுகொள்ளவில்லை. சுவரைப் படம் பிடித்தேன். களஞ்சியத்தில் என் வரியைத் திரும்பப் போட்டு, ஆதாரம் என்கிற இடத்தில் ‘மந்தாரக்குப்பம் பேருந்து நிலையச் சுவர்’ என்று எழுதி, அந்தப் படத்தையும் சேர்த்தேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வரி இல்லை. காரணம் இருந்தது: “தானே அச்சிட்டு ஒட்டியது. படிப்பறிவற்ற திருத்தம். நீக்கப்பட்டது.”

படிப்பறிவற்ற. அந்த வார்த்தைக்கு மட்டும் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. போனை வாயருகே வைத்து அழுத்தினேன்.

“ஏசி ரூமுல ஒக்காந்துகினு கரிய படத்துல பாத்த ஆளு நீ. ஒனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குதா, இல்ல ரிட்டையர் ஆவறப்ப ஆபீசுலயே எழுதி வாங்கிகினாங்களா?” கடைசியில் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தேன், அது இங்கே வேண்டாம். போன் அந்த இரண்டையும் ஒரு பிழை இல்லாமல் எழுதியது. மருதம் யார், எந்த ஊர் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. ‘இயலாது’ என்று எழுதுகிறவன் ஏசி ரூமில்தான் இருப்பான் என்பது என் தீர்மானம்.

அதற்குத்தான் இந்த விசாரணை.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. சாமியம்மாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“என்னாய்யா, ஒன்ன வேலய வுட்டுத் தூக்கிட்டாங்களாம்?”

“இன்னும் தூக்கல. ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம்.”

“என்னா கேக்கறாங்க?”

“மன்னிப்பு.”

“கேட்டுட்டுப் போயேன். வாய்ல என்னா கொழுக்கட்டயா வச்சிருக்க?”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. காண்ட்ராக்ட்டில் இருந்த பத்தொன்பது வருடமும் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை ‘மன்னிச்சுக்குங்க சார்’ என்பதுதான். ரெண்டு நிமிஷம் லேட்டாக வந்ததற்கு. எதிரே வந்ததற்கு. உட்கார்ந்ததற்கு. சில நாள் எதற்கென்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டால் நகரலாம் என்பதற்காக. பெர்மனென்ட் ஆன பிறகும் நாக்கு விடவில்லை, அது பாட்டுக்கு வரும். அறுபது வயதில் ரிட்டையர் ஆகி, சால்வையோடும் சுவர்க் கடிகாரத்தோடும் வீட்டுக்கு வந்த அன்றைக்கு இவளிடம் சொன்னேன், இனிமேல் இந்த வாயில் அந்த வார்த்தை வராது என்று. பன்னிரண்டு வருடமாக வரவில்லை. இவளிடம்கூட.

“எங்கிட்ட கேட்டாதான் கிரீடம் எறங்கிடுமே ஒனக்கு,” என்றாள், நான் நினைத்தது கேட்டுவிட்ட மாதிரி. “வுட்டுத் தொல அப்ப. மூணு மாசம் போனப் பாக்காம இரு. கண்ணுக்கும் நல்லது.”

அதுதான் என்னால் முடியாது. விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது, ராத்திரி யார் எதை மாற்றியிருக்கிறார்கள் என்பதைத்தான். ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். இப்போது டீ ஆறுவதற்குள் படித்துவிடுகிறேன். திமிங்கிலம் குட்டிக்குப் பால் கொடுக்கும் என்பது எழுபதாவது வயதில் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பூரா ஆள் மாற்றி ஆள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் கை வைத்த இடம் நூற்றுப் பதினேழு. அதில் தொண்ணூறுக்கு மேல் இன்னும் நிற்கிறது. வெறும் திருத்தம்தான், ஒரு துணைக்கால், ஒரு ஊர்ப் பெயர். ஆனாலும் என் வாயால் சொன்னது என்னைக் கேட்காமல் நிற்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? தடை போட்டால் படிக்கலாம், கை வைக்க முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி.

சாப்பிட்ட கையோடு அந்த விசாரணைப் பக்கத்தைத் திறந்தேன். நாலு பேர் பேசியிருந்தார்கள். எல்லாம் என்னைப் போலச் சம்பளம் இல்லாதவர்கள்தான். எந்த ஊரில் உட்கார்ந்து, எந்த வேலையை விட்டுவிட்டு, என் வாயைப் பற்றி இவ்வளவு நீளம் எழுதினார்களோ. ஒருத்தர், விதி என்றால் விதி, தடை போடு என்கிறார். இன்னொருத்தர், முதியவர், அதிகம் படிக்காதவர், பொறுத்துப்போகலாம் என்கிறார். முதல் ஆளைவிட ரெண்டாவது ஆள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டது?

சனிக்கிழமை காலையில் தமயந்தி எழுதியிருந்தாள். களஞ்சியத்தில் கொஞ்சம் அதிகாரம் உள்ளவள் அவள். தடை போடுவதும் எடுப்பதும் அவள் கையில்.

“வயதைப் பார்த்துச் சலுகை வேண்டாம். வயதையும் படிப்பையும் பார்த்து ஏளனமும் வேண்டாம். நம் விதி எளிது: எழுத்தைக் குறை சொல்லலாம், எழுதியவரைக் குறை சொல்லக் கூடாது. குஞ்சிதபாதம் அதை மீறினார். அவருக்கு முன்பே, ‘படிப்பறிவற்ற’ என்று எழுதி மருதம் அதை மீறினார். மன்னிப்புக் கேட்க இருவருக்கும் ஒரே கெடு. ஞாயிறு மாலை.”

தப்பாகப் படித்துவிட்டேனோ என்று சாமியம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உரக்கப் படித்துக் காட்டினேன்.

“நல்லா தான சொல்றா அந்தப் பொண்ணு,” என்றாள்.

“நல்லாத்தான் சொல்றா. அதான் ஒதைக்குது.”

விதி என்பது மேலேயிருந்து கீழே விழுகிற சாமான். கீழே நிற்கிறவன் தலையில் விழும். அதுதான் அதற்கு வேலை. மேலே நிற்கிறவன் தலையிலும் அதே கனத்தோடு விழுந்து நான் பார்த்ததில்லை. இதில் ஏதோ சூது இருக்கும், மருதமும் தமயந்தியும் பேசிவைத்துக்கொண்டிருப்பார்கள், அவர் ஒரு சமாதானம் சொல்வார், இவள் சரி என்பாள், நான் மட்டும் வெளியே நிற்பேன். அன்றைக்குப் பகல் பூரா போனைக் கீழே வைக்கவில்லை. சார்ஜ் தீர்ந்து, ஒயரோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

நாலு மணிக்கு வந்தது.

“தமயந்தி சொல்வது சரி. அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. குஞ்சிதபாதம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். நான் நெய்வேலியில் இருபத்தெட்டு ஆண்டுகள் அலுவலகப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஏசி அறைதான். கரிக் குவியலருகே ஒரே ஒரு முறை சென்றிருக்கிறேன், அதுவும் ஊரிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்துக்குச் சுற்றிக்காட்ட. ஆயினும் ஆதாரம் பற்றிய என் நிலையில் மாற்றமில்லை. அந்த வரி நீக்கப்பட வேண்டியதே. மருதாசலம்.”

சாமியம்மாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து, “பெரிய மனுசன்யா. கேட்டுட்டாரு பாரு,” என்றாள்.

நான் கடைசி இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெறும் மன்னிப்பு மட்டும் கேட்டிருந்தால் சத்தியமாக நம்பியிருக்க மாட்டேன். காரியத்துக்காகக் கேட்கிற மன்னிப்பு எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அது குழையும். கேட்ட கையோடு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும். இந்த ஆள் கேட்டுவிட்டும் பிடியை விடவில்லை. அதனால்தான் நம்பினேன். நம்பினது எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிக்குப் போனேன். துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டு சாமியம்மாளும் அங்கே நின்றாள். வேண்டுமென்றேதான் அந்த நேரத்துக்குத் துணி எடுத்துவந்திருக்கிறாள் என்று தெரியும். மைக்கை அழுத்தினேன். ‘வணக்கம்’ என்று மட்டும் விழுந்தது. அழித்தேன். மறுபடி அழுத்தினேன்.

“பேசுய்யா, அது என்னா கடிக்கவா போவுது?”

“நீ கீழ போ.”

“துணி யாரு காயப்போடறது?”

அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினேன். “வணக்கம். நான் குஞ்சிதபாதம். மூக்கப் பத்திப் பேசுனது என் தப்பு. கடைசியா சொன்ன ரெண்டு வார்த்தயும் தப்பு. வரியப் பத்தி மட்டுந்தான் சண்ட போட்டிருக்கணும். வாட வரும்ங்கிறது தப்பு இல்ல, அத நான் எங்கியும் சொல்லுவேன். ஆனா போஸ்டர் ஆதாரம் இல்லன்னு நீங்க சொன்னது சரி. அத நானே காசு குடுத்து ஒட்டுனேன். நாளைக்கு எவன் வேணா எதயும் ஒட்டுவான்.” மூச்சு வாங்கியது. “மன்னிச்சுக்குங்க மருதாசலம்.”

சார் என்பது தானாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பழைய நாய் வாசலில் வந்து நிற்கிற மாதிரி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

“என்னாய்யா, பாதில நிறுத்திட்ட?”

“முடிஞ்சிது.”

அனுப்பிவிட்டு நின்றேன். ஏதோ இறங்கின மாதிரியும் இல்லை, ஏறின மாதிரியும் இல்லை. வெயில் நன்றாக இருந்தது. கொடியின் அந்த முனையைப் பிடித்துக் கொடுத்தேன். சாமியம்மாள் ஒரு புடவையை என் பக்கம் வீசினாள்.

சாயந்தரம் தமயந்தி மூன்றே வார்த்தையில் முடித்துவைத்தாள்: “தடை தேவையில்லை. நன்றி.” என்ன நன்றி, யாருக்கு நன்றி என்று சொல்லவில்லை. என் வரி திரும்ப வரவில்லை. நானும் போடவில்லை.

ஆனால் பேச்சுப் பக்கத்தில் அது இருந்தது. சண்டையில் சொன்னதையெல்லாம் அங்கே அழிக்க மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்: எங்கள் ஊர்ப் பஞ்சுக் குடோனிலும் இப்படித்தான், தீக்கு முன்னால் ஒரு இனிப்பு வாடை வரும். அதற்குக் கீழே இன்னொருத்தர், ஈரத்தோடு போட்ட வைக்கோல் போரைப் பற்றி. அப்புறம் கப்பலில் வேலை பார்க்கிற ஒருத்தர், எங்கோ கடலிலிருந்து. எதற்கும் ஆதாரம் கிடையாது. பேச்சுப் பக்கம் அரட்டை அடிக்கிற இடம் இல்லை என்றும் ஒரு விதி இருக்கிறது. மருதாசலம் வந்து எல்லாவற்றையும் வழித்துப் போடுவார் என்று தினமும் பார்த்தேன். அவர் வந்தார். வழிக்கவில்லை. கடைசியில் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார்: “டவுன்ஷிப் நூலகத்தில் பழைய ஆண்டு மலர்கள், பயிற்சிக் கையேடுகள் உள்ளன. ஆதாரம் தேடலாமா? செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு ஓய்வு.”

ரிட்டையர் ஆனவனுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் என்ன ஓய்வு என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் பஸ் ஏறினேன்.

நூலக வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டினார். “வாங்க குஞ்சிதபாதம். போஸ்டர்ல பாத்த மூஞ்சியேதானுங்க.”

“ஒங்கள எப்படித் தெரிஞ்சிக்கிறதுன்னு பாத்தேன். இன்னும் கொஞ்சம் தொந்தி இருக்கும்னு நெனச்சேன்.”

“இருந்ததுங்க. சர்க்கரை வந்து கரைச்சுப்போட்டுது.” எழுத்தில் அவ்வளவு விறைப்பாக இருக்கிற ஆளுக்குக் குரல் கோயம்புத்தூர்க்காரர் குரல். “ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. ஆதாரம் கெடைக்கலீன்னா அந்த வரி வராதுங்க.”

“தெரியும். கெடச்சா?”

“கெடைச்சா நானே என் கையால போடறனுங்க.”

ஏழு செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. இங்கிலீஷில் உள்ளதை அவர் பார்க்கிறார். தமிழில் உள்ளது என் பங்கு. ஒரு மலர் முடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆகிறது. அவர் அவசரப்படுத்தினதில்லை. கரியின் ஈரத்தைப் பற்றி, சாம்பலைப் பற்றி, அதை எடுக்கிற இயந்திரத்தின் உயரம் அகலம் பற்றி, யார் யார் வந்து மரம் நட்டார்கள் என்பது பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். வாடையைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. மோந்து பார்த்தவன் எவனும் எழுதவில்லை; எழுதினவன் எவனும் மோந்து பார்க்கவில்லை. இதைச் சொன்னபோது மருதாசலம் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, “இதுக்கும் ஆதாரம் வேணுமுங்க,” என்றார். நூலகம் என்பதையும் மறந்து நான் சிரித்துவிட்டேன். அங்கே இருந்த நூலகர் அம்மாள் மேசையைத் தட்டினார்.

போன வாரம் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ‘மாவட்டத்திலேயே சிறந்த பரோட்டா மந்தாரக்குப்பத்தில்தான் கிடைக்கும்’ என்று ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. வணக்கம் சொல்லி, ஆதாரம் இல்லை என்று எழுதி, நீக்கினேன். அடுத்த நாள் சவரத்துக்குப் போனபோது சசிகுமார் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “பெரியப்பா, அது எம் மச்சான் எழுதுனது. சாப்ட்டுப் பாத்துட்டு எடுத்திருக்கலாம்ல?” என்றான்.

“சாப்ட்டுப் பாத்தாலும் செல்லாதுடா,” என்றேன். “வாயும் ஆதாரம் ஆவாது.”

“அப்ப என்னாதான் ஆவும்?”

பதில் சொல்ல முடியாத இடத்தில் கத்தி இருந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் பின்னறையிலிருந்து ஒரு புத்தகக் கட்டைத் தூக்கிவந்து எங்கள் முன்னால் போட்டார். பழைய தொழிலாளர் மலர்களாம், அலமாரிக்கு மேலே கிடந்ததாம். மேலே இருந்த அட்டையில் பூச்சி தின்ற ஓட்டைகள். சணல் கயிறு இறுகிப்போயிருந்தது. மருதாசலம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நகத்தால் முடிச்சைக் கிண்டினார். வரவில்லை. நான் வாங்கிப் பல்லால் ஒரு இழு இழுத்தேன். கயிறு அறுந்து, தூசு எழும்பி, இருவரும் மாறி மாறித் தும்மினோம். அந்த அம்மாள் இந்தத் தடவை தட்டவில்லை.

“நீங்க படிங்க,” என்றார் மருதாசலம். “கெடைச்சா பக்கத்த மட்டும் சொல்லுங்க, நான் குறிச்சுக்கறனுங்க.” நோட்டைத் திறந்து, தேதி போட்டு, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

முதல் பக்கத்தில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மீதிப் பாதியில், ஓட்டைகளுக்கு நடுவே, முதல் வார்த்தைக்குக் கீழே என் விரலை வைத்தேன். எதிரே, வெள்ளைத் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே, அவர் பேனா நின்றுகொண்டிருந்தது.